வாள்பங்கு

கோங்கடித் தெருவில் முதலில் வந்தது மிஷின், அப்புறம் மில்லிமீட்டர், அதற்கும் அப்புறந்தான் சந்து. இதை வரிசை மாற்றிச் சொல்கிறவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள், அவர்கள் பேச்சை நீங்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். செங்கோட்டையில் ரயில்வே கேட்டைத் தாண்டி இடதுகைப் பக்கம் திரும்பினால் மரத்தூள் வாசம் எங்கே தொடங்குகிறதோ அங்கே எங்கள் தெரு தொடங்கும், வாசம் எங்கே முடிகிறதோ அங்கே முடியும், நடுவில் இருப்பவர்கள் அத்தனை பேரும் கதவு, நிலை, சன்னல், ஊஞ்சல்பலகை என்று எதையாவது அறுத்தோ இழைத்தோ தேய்த்தோ சோறு தின்கிறவர்கள், அடியும் இஞ்சும் நூலும் தவிர வேறு கணக்கு அறியாதவர்கள். எட்டு நூல் ஒரு இஞ்சு, பன்னிரண்டு இஞ்சு ஒரு அடி. பெண் பார்க்கப் போய்விட்டு வந்தால்கூட, மாப்பிள்ளையைவிடப் பெண் ரெண்டு இஞ்சும் மூணு நூலும் கட்டை என்றுதான் எங்கள் ஆட்கள் சொல்வார்கள்.

மரவாடி வைத்திருந்த மைதீன் ராவுத்தர் ஒரு ஆவணி மாதத்தில் பழைய ரம்பத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது மிஷின் ஒன்றை இறக்கினார், பச்சைப் பெயிண்ட் அடித்து, மாப்பிள்ளைக் காரைப்போல் முகப்பில் பூ சுற்றி, சந்தனம் தடவி. தெரு மொத்தமும் போய் நின்று பார்த்தது. அதில் பதித்திருந்த அளவுகோலில் மில்லிமீட்டர் மட்டுந்தான் இருந்தது.

“இஞ்சு எங்க மாமா இருக்கு?” என்று கேட்டான் குத்தாலிங்கம். மரவாடி மில்லை ஒட்டி இருப்பது அவன் வீடு. நிலை செய்வதில் கெட்டிக்காரன், சந்தேகம் கேட்பதில் அதைவிடக் கெட்டிக்காரன்.

“இஞ்சு மௌத்தாப் போச்சு மாப்ளே. இனிமே மில்லிதான். தெருவுல எல்லாரும் மாறிக்கிடுங்க” என்றார் ராவுத்தர்.

“ஒரு இஞ்சுக்கு எத்தனை மில்லி?”

“இருபத்தஞ்சு புள்ளி நாலுன்னு மிஷின் மாட்ட வந்தவன் சொன்னான்.”

“இருபத்தஞ்சு சரி. அந்தப் புள்ளி நாலை எங்க கொண்டு வைக்க?”

இங்கேதான் எங்கள் தெருவின் வழக்கம் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மரத்தை அறுக்கும்போது வாள் போகிற தடம் தூளாய்ப் போய்விடும், ஆகையால் கோடு போடும்போதே அந்தத் தடத்துக்குக் கொஞ்சம் விட்டுத்தான் போடுவோம். அதற்குப் பெயர் வாள்பங்கு, அதில் யாருக்கும் உரிமை கிடையாது, யாரும் அதைப் பற்றிச் சண்டை போட்டதும் கிடையாது. அந்தப் பழக்கத்தில் குத்தாலிங்கமே தன் கேள்விக்குப் பதிலும் சொன்னான்.

“சரி, வாளுக்கு விட்ருவோம்.”

விட்ருவோம் என்றது தெரு. அன்றிலிருந்து யார் வந்து எத்தனை அடியில் கேட்டாலும், அடியை இஞ்சாக்கி, இஞ்சை இருபத்தைந்தால் பெருக்கி, புள்ளி நாலை வாளுக்கு விட்டு மிஷினில் வைத்தார்கள். ஆறரை அடிக் கதவு ஒன்றேகால் இஞ்சு குட்டையாக வெளியே போயிற்று. நிலையும் அதே கணக்கில் குட்டை, கதவும் குட்டை, ஆகவே ஒன்றுக்குள் ஒன்று பொருந்திற்று, மீதி இடத்தில் கொத்தனார் சிமெண்டை அப்பினார், வீட்டுக்காரர் பால் காய்ச்சினார். கோளாறு எங்கே என்றால், வாள்பங்கு விடுவது மரத்தில், அதை வாள் தின்றுவிடும். மரத்தைத் தொடுவதற்கு முன்னால் வெறும் கணக்கிலேயே எடுத்து வைத்த பங்கை வாள் எப்படித் தின்னும்? தின்னாத பங்கு எங்கேயாவது போய்ச் சேரத்தானே வேண்டும்.

அது மில் சுவருக்கும் குத்தாலிங்கம் வீட்டுச் சுவருக்கும் நடுவில் போய்ச் சேர்ந்தது. ஒன்றோடொன்று ஒட்டி நின்ற சுவர்கள் அவை, எறும்பு நுழைந்தால் இடுப்பு ஒடியும். ஐப்பசியில் அங்கே ஒரு பல்லி போயிற்று, கார்த்திகையில் எலி போயிற்று, எலியைத் துரத்திக்கொண்டு மார்கழியில் பூனை போயிற்று, தையில் முகூர்த்தம் நிறைய வந்து தெருவெங்கும் கதவு அறுபட்டபோது குத்தாலிங்கத்தின் பெண்டாட்டி வடிவு அங்கே விளக்குமாற்றைச் சாத்தி வைத்தாள். மில் நகரவில்லை, வீடு நகரவில்லை, சுவரில் கீறல் இல்லை, தெரு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை முன்பிருந்த நீளந்தான் இருந்தது. நடுவில் மட்டும் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கு இடம் கிடந்தது. மழைக்காலத்தில் கிணற்றில் தண்ணீர் ஏறினால் யாராவது வாயைப் பிளப்பார்களா, அந்தமாதிரித்தான் நாங்களும் பார்த்துவிட்டு வேலைக்குப் போனோம்.

சண்டை போடாமல் இருந்தோம் என்று சொல்லவில்லை. “என் சுவரோரம், என் இடம்” என்றான் குத்தாலிங்கம். “என் சுவரு என்ன ஓரமில்லாத சுவரா?” என்றார் ராவுத்தர். “எல்லார் இஞ்சும் அதுல கெடக்கு, தெருவுக்குப் பொது” என்றார்கள் மற்றவர்கள். கடைசியில் சர்வேயரைக் கூட்டிவந்தார்கள். அவர் சந்துக்குள்ளேயே போய் நின்றுகொண்டு, மீட்டர் டேப்பின் ஒரு முனையை இந்தச் சுவரிலும் மறுமுனையை அந்தச் சுவரிலும் வைத்துப் பார்த்தார், சைபர் காட்டிற்று. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார், மறுபடியும் சைபர். குத்தாலிங்கம் தன் பழைய இஞ்சு டேப்பை நீட்டினான், அதில் ஒண்ணரை அடியும் ரெண்டு நூலும் வந்தது.

“கவர்மெண்டுக்கு இஞ்சு கிடையாதுங்க. மீட்டர்ல இல்லாத இடத்துக்கு நான் எப்படிப் பட்டா போட?” என்று சொல்லிவிட்டு, பக்கவாட்டில் நடந்து வெளியே வந்து, டீ குடித்துவிட்டு அவர் போய்விட்டார். பட்டா இல்லாத இடத்துக்காக வக்கீல் வைப்பது யார்? சண்டை தானாக ஆறிற்று.

அந்த இடத்துக்குள் பாயைச் சுருட்டிக்கொண்டு போனவள் பூரணம். எங்கள் தெருவில் உப்புத்தாள் தேய்க்கிறவள், அவள் தேய்த்த பலகையில் கையை வைத்தால் கை வழுக்கிக்கொண்டு போகும். புருஷன் புனலூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவன் போனவன்தான். ஆம்பிளைப் பெயர் இல்லாமல் வாடகைக்கு வீடு தர ஊரில் ஒருத்தருக்கும் மனசில்லை, ஆகவே மில் கொட்டகையில் பலகை அடுக்குக்குப் பின்னால் படுத்திருந்தாள். புது மிஷின் வந்து கொட்டகையை அடைத்துக்கொண்டதும் அந்த இடமும் போய், வாசல் ஓரமாக முடங்கிக் கிடந்தாள். எங்கள் வீடுகளில் ஒரு மூலை கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். ஒருத்தர் வீட்டில் வயசுப் பையன் இருந்தான், ஒருத்தர் வீட்டில் மாமியார் இருந்தாள், ஒருத்தர் வீட்டில் பெண்டாட்டிக்குச் சந்தேகம் இருந்தது, ஆளுக்கொரு காரணம் கைவசம் இருந்தது.

“யாரைக் கேட்டு உள்ள வந்த?” என்றாள் வடிவு. சந்தேகக்காரப் பெண்டாட்டி என்று சொன்னது அவளைத்தான்.

“இது யாருதுன்னு சொல்லுங்க மதினி, அவுககிட்டயே கேட்டுக்கிடுதேன்” என்றாள் பூரணம்.

வடிவு தன் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டாள், ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, அவள் காதில் விழுகிற மாதிரி அவளைப் பற்றிப் பேசுவதை நிறுத்தவில்லை.

முதலில் பூரணம் ஒருக்களித்துத்தான் படுக்க முடிந்தது, அதுவும் எந்தப் பக்கம் ஒருக்களிப்பது என்று வெளியே இருக்கும்போதே முடிவு செய்துகொண்டு நுழைய வேண்டும். அப்புறம் மாசியில் முகூர்த்தம் வந்தது, மல்லாந்து படுத்தாள். பங்குனியில் அடுப்பு வைத்தாள், சித்திரையில் டிரங்குப்பெட்டி வந்தது, வைகாசியில் கையை அகல விரித்துக்கொண்டு நடுவில் நின்று, எந்தச் சுவரிலும் படவில்லை என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தாள், நாங்கள் எல்லாரும் கேட்டோம். இடம் அகலமாக அகலமாகக் கூரைத் தகரத்தை மாற்ற வேண்டியிருந்தது, ஆளுக்கொரு துண்டு கொடுத்தோம், வீட்டு மூலை கொடுக்க மனசில்லாதவர்களுக்குத் தகரம் கொடுக்க மனசு வந்துவிடுகிறது. கதவு நிறைய அறுபட்டால் வீடு நிறைய வளரும் என்று அவளுக்குத் தெரிந்துபோனதால் ஊரில் யார் வீட்டில் கல்யாணம், யார் புதுவீட்டுக்குக் கடைக்கால் தோண்டுகிறார்கள் என்று எங்களுக்கு முன்னால் விசாரித்து வைத்திருப்பாள். ஆடி வந்தால் வீடு அசையாது, அவளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவாள்.

ஆவணியில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. சாமக்கொடை முடிந்து, விடிந்ததும் படையல் பிரித்துக் கொடுக்கும்போது வீடுவீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் முறை. ராவுத்தர் மில், குத்தாலிங்கம் வீடு என்று வரிசையாய்ச் சொல்லிக்கொண்டு வந்த பூசாரி, அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதை விட்டுவிடக் கூடாதே என்று, “பூரணம் வீடு” என்றார். பூரணம் எழுந்திருக்கவில்லை. மறுபடியும், “பூரணம் வீடு யாரும்மா வந்திருக்கா?” என்றார். அவள் முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு எழுந்து போய்த் தேங்காய்மூடியை வாங்கினாள். அழுதாள் என்பதை மறைக்க ஒன்றுமில்லை, நன்றாகவே அழுதாள்.

இப்படியே போயிருந்தால் அவள் வீடு இந்நேரம் முன்னறையும் பின்னறையுமாக ரெண்டு பத்தி வீடாக ஆகியிருக்கும். தென்காசி ரோட்டில் பெரிய ஹாஸ்டல் கட்டினார்கள், அத்தனை அறைக்கும் கதவு எங்கள் தெருவில்தான். தெருவே திருவிழாவாய் இருந்தது, பூரணம் வீட்டில் ஊஞ்சல்கூடப் போடலாம் போலிருந்தது. ஆனால் அந்தக் கட்டடத்தில் நிலை மரமில்லை, இரும்பு. வெளியூரிலிருந்து சரியான அளவில் வந்து இறங்கிய இரும்பு. கதவை மாட்டிப் பார்த்துவிட்டு எஞ்சினியர் ஜெபராஜ் ஜீப்பை எடுத்துக்கொண்டு நேரே மில் வாசலுக்கு வந்தார்.

“நிலைக்கும் கதவுக்கும் நடுவுல என் கையே போகுது. நீங்க பண்ணினது கதவா, திரைச்சீலையா?”

“அது வந்து சார், புள்ளி நாலை வாளுக்கு விட்டோம்” என்றான் குத்தாலிங்கம்.

எஞ்சினியர் அவன் பக்கம் திரும்பினார். “எந்த வாளுக்கும் விட வேண்டாம். எல்லாக் கதவையும் திருப்பி அனுப்புறேன், குறையுற அளவுக்குச் சுத்திலும் மரப்பட்டி ஒட்டிக் கொடுங்க. இனி இஞ்சுக்கு இருபத்தஞ்சு புள்ளி நாலு. ஒரு கதவு குறைஞ்சாலும் அடுத்த கட்டடத்து வேலை இந்தத் தெருவுக்கு வராது.”

கதவுகள் லாரியில் திரும்பி வந்தன. முதல் நாள் பட்டி ஒட்டிப் பசை காய்ந்ததும் பூரணத்தின் கூரைத் தகரம் கிறீச்சிட்டு வளைந்தது. மறுநாள் டிரங்குப்பெட்டி வெளியே வந்தது, இரண்டொரு நாளில் தண்ணீர்க்குடம் வந்தது, அப்புறம் அடுப்பு வந்தது. எது எதனால் நடக்கிறது என்று தெருவில் ஒருத்தரும் ஒருத்தரிடம் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். ஒட்டிய பட்டியைப் பலகையோடு மட்டமாகத் தேய்த்துக் கொடுப்பதும் அவள்தான்.

“ஏளா, உன் வீட்டை நீயே தேய்க்கியே” என்றார் ராவுத்தர், தாங்கமாட்டாமல்.

“தேய்ச்சா வீடு போவுது, தேய்க்காட்டா சோறு போவுது. எது முதல்ல போவணும்னு நீங்களே சொல்லுங்க முதலாளி” என்று சொல்லிவிட்டு அவள் உப்புத்தாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் மில் வாசலில் தெருக் கூட்டம் கூடிற்று. நாங்கள் அப்படியொன்றும் கல்நெஞ்சுக்காரர்கள் இல்லை. ஊருக்கு விற்ற கதவில் பங்கு பிடிக்கக் கூடாதென்றால் அவரவர் வீட்டில் பிடித்துக்கொள்ளலாம், சொந்த வீட்டுக் கதவையும் பெஞ்சையும் ஆளுக்குக் கொஞ்சம் குறைத்தால் அந்த அளவு அவள் வீட்டில் போய்ச் சேர்ந்துவிடும் என்று ராவுத்தர் சொன்னபோது எல்லாரும் ஆமாம் என்றோம். எத்தனை என்று கேட்டபோதுதான் விவகாரம். வீட்டுக்கு இவ்வளவு என்றார்கள், இல்லை, ஆளுக்கு இவ்வளவு என்றார்கள்; பெரிய வீட்டுக்காரன் அதிகம் தரட்டும் என்றார்கள், பெரிய வீட்டுக்காரன் என்ன பாவம் செய்தான் என்றார்கள்; அதை இஞ்சில் பிடிப்பதா மில்லியில் பிடிப்பதா என்று ஆரம்பித்தார்கள், மில்லியில் என்றால் இருபத்தைந்தா இருபத்தைந்து புள்ளி நாலா என்று கேட்டான் குத்தாலிங்கம். கொசு கடிக்கத் தொடங்கியது, நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று கலைந்தோம். மறுநாளும் அதையே பேசினோம், அதற்கு மறுநாளும் பேசினோம், ஒவ்வொரு நாளும் பேசிவிட்டுப் போய்ப் பட்டியை ஒட்டினோம்.

கடைசிக் கதவின் முறை ஒரு வெள்ளிக்கிழமை உச்சிவெயிலில் வந்தது. லாரி வாசலில் காத்து நின்றது, எஞ்சினியர் ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். பூரணம் அந்தக் கதவுக்கு ஒட்ட வேண்டிய பட்டியை முன்னாலேயே தேய்த்து முடித்தாள், கையில் ஒட்டிய தூளைத் தட்டினாள், பக்கவாட்டில் திரும்பித் தன் வீட்டுக்குள் நுழைந்து சுவரோடு சுவராக நின்றுகொண்டாள். இரண்டு பக்கமும் உடம்பு உரசிற்று.

“ஏளா, வெளிய வா, பட்டியை ஒட்டணும்” என்றார் ராவுத்தர்.

“ஒட்டுங்க முதலாளி. உங்க பொழப்பு அது. நான் வரல.”

“நசுங்கிப் போவ!”

“கோயில்ல வச்சுப் பேரு சொல்லிக் கூப்பிட்டாச்சு. அது என் வீடு. இனிமே வேற எந்த வாசல்ல போயி நான் நிக்க?”

பட்டியில் பசை தடவியாகிவிட்டது, தடவிய பசை வெயிலில் இழுத்துக்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்சம் விட்டால் கெட்டியாகிப் பிடிக்காது. நாற்பது குடும்பத்துச் சோறு அந்தப் பட்டியில் இருந்தது, ஒருத்தியின் உயிர் அந்தச் சந்தில் இருந்தது, நாங்கள் நடுவில் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஆளுக்கு எத்தனை என்று யாரோ மறுபடியும் ஆரம்பித்தார்கள், சத்தியமாகச் சொல்கிறேன், ஆரம்பித்தார்கள்.

அப்போது குத்தாலிங்கம் வீட்டுக்குள் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. வடிவு தன் கட்டிலை வாசல் வழியாக இழுத்துக்கொண்டு வந்தாள், ஈட்டி மரக் கட்டில், கல்யாணத்துக்கு அவள் அப்பா மலையிலிருந்து மரம் இறக்கிச் செய்து கொடுத்தது, அதை ஈரத்துணியால் துடைக்கக்கூட வேறு யாரையும் விட்டதில்லை. நடுத்தெருவில் போட்டாள். புருஷன் மாட்டி வைத்திருந்த வாளை எடுத்து வந்து கட்டிலின் கால்மாட்டில் வைத்தாள்.

“ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருச்சா?” என்று ஓடி வந்தான் குத்தாலிங்கம்.

“சுவரு சுடுது.”

“என்ன சுடுது?”

“அடுப்படிச் சுவரு. அவ முதுகு அங்கன அழுந்தி அழுந்தி அந்த இடமே காய்ச்சல்ல மேலு சுடுத மாதிரிச் சுடுது, அவ மூச்சு விடுதது எனக்குக் கேக்கு. மூணு ராத்திரியா அவ அங்கன அழுந்திக் கெடக்கா, அங்கன நின்னு எனக்குச் சோறு பொங்க முடியல. நீங்க பேசுங்க, நல்லாப் பேசுங்க.”

வாளை ஒரு இழுப்பு இழுத்தாள். வாள் பிடித்துப் பழகாத கை, பல் மரத்தில் ஏறாமல் துள்ளிற்று, பாலிஷில் வெள்ளையாய் ஒரு கோடு விழுந்தது. தெருவில் இருந்த ஆசாரிமார் அத்தனை பேரும் கத்தினார்கள்.

“அளந்துட்டு அறுங்க மதினி! கோடாவது போட்டுக்கிடுங்க!”

“எத்தனை இஞ்சுன்னு சொல்லு, நான் போட்டுத் தாரேன்” என்றான் ஒருத்தன். “இஞ்சு வேண்டாம், மில்லில சொல்லு” என்றான் இன்னொருத்தன்.

“அவ உள்ள காலை நீட்டி உக்காரணும், அதான் அளவு” என்றாள் வடிவு. எங்கள் டேப்புகளைப் பார்த்துச் சொல்லவில்லை, சந்தைப் பார்த்துச் சொன்னாள்.

மறுபடி இழுத்தாள். இந்தத் தடவை பல் ஏறிற்று, கறுத்த தூள் கொஞ்சம் உதிர்ந்தது. சந்தின் சுவரில் காரை பெயர்ந்து விழுகிற சத்தம் கேட்டது, உள்ளேயிருந்து பூரணம் நீளமாக ஒரு மூச்சு விட்டது வாசலில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. கோடு கோணலாகப் போய்க்கொண்டிருந்தது, ஒரு முனையில் அறுக்கும்போது மறுமுனை துள்ளிக் கட்டில் முழுக்க ஆடிற்று, வாள் மாட்டிக்கொண்டது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினாள்.

குத்தாலிங்கம் கையிலிருந்த டேப்பைச் சுருட்டி மடியில் செருகினான். போய், கட்டில் ஆடாமல் இருக்க, தலைமாட்டில் ஏறி உட்கார்ந்தான்.

“இப்ப இழு” என்றான்.